நாற்பது தப்படிக்கு அப்பால்

மே 30

அன்புள்ள அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். படகு ஏறும்போது நீ என்னிடம் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான் என்பதால், புது நோட்டின் முதல் பக்கத்தில் இதையே உறுதிமொழியாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. தையல் கூடத்தில் இந்த மாதம் முழுக்கப் பள்ளிச் சீருடை என்பதால் தூக்கத்திலும் காலர் தைக்கிறாள். நான் நன்றாக இருக்கிறேன். தீவுக் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இருமல் நின்றதா?

இனி நீ பார்த்து எழுதச் சொன்ன உன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எடுத்தவுடன் கடைக்குள் போனால் உஷாராகிவிடுவார் என்று, எதிரே பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சிலிருந்து அரைமணி நேரம் பார்த்தேன். பெஞ்சிலிருந்து கடை வாசல் நாற்பது தப்படி. நடந்து எண்ணினேன். பிறகு உள்ளே போனேன். "வாங்க இன்ஸ்பெக்டரம்மா" என்றார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அப்போது ஒரு பெரியவர் வந்து மேசையைத் தட்டினார். "மூணாவது தடவையா வர்றேன்யா! காது அறுந்துடும்போல இருக்கு!"

"நாலாவது தடவையும் வாங்க. காது உங்களோடது, அது சொல்றதத்தான் நான் கேக்கணும்" என்று சொல்லி, பிரேமின் காம்பைச் சூடாக்கி மறுபடி வளைத்துக் கொடுத்தார்.

நூலகத்தில் ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. காதலித்துப் பழகுகிற இருவரின் மனநிறைவும் உறவின் உறுதியும் அவரவர் குணத்தால் எப்படி மாறும் என்பதைப் பற்றியது. அட்டை கிழிந்துபோனதால் தலைப்பு தெரியவில்லை. அதில் உள்ளபடி அவருக்கு மதிப்பெண் போட்டேன். ஒழுங்கு 9, பரிவு 8, ஆர்வம் 6, கலகலப்பு 2, பதற்றம் 0.

இன்னொன்று. ஆறரைக்குக் கடையைச் சாத்தும்போது எல்லா விளக்கையும் அணைக்கிறார். கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் விளக்கை மட்டும் விட்டுவிடுகிறார். காரணம் தெரியாது. பார்த்ததால் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை


ஜூன் 2

என் நோட்டுப் புத்தகமே,

இருமல் போய்விட்டது. பசி மட்டும் போகவில்லை, அம்மாவிடம் சொல். இங்கே வானிலை நிலையத்தில் நான்கு பேர். மூன்று மணிக்கொரு தரம் வெளியே போய் வெப்பம், காற்று, மழை எல்லாம் பார்த்து எழுத வேண்டும். எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதையும் எழுதுவோம்: கலங்கரை விளக்கம் தெரிகிறதா, அல்லது அதற்கு முன்னால் இருக்கும் பாறை வரைதானா என்று. ஒரே தொலைபேசி அதிகாரியின் மேசையில் இருக்கிறது; அது அலுவலகப் பேச்சுக்கு மட்டும். ஆகவே மாதம் இருமுறை வரும் படகுதான் நமக்கு.

எங்கள் விதியை நீயும் வைத்துக்கொள்: பார்க்காததை எழுதாதே, காலியாக விடு.

கிளம்பும் முன் அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டதும், மூன்று மாதம் கழித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னதும் உனக்குத் தெரியும். ஆகஸ்ட் முடிவதற்குள் சொல்ல வேண்டும். அதனால்தான் கேட்கிறேன். அந்தப் பெரியவர் கத்திவிட்டுப் போன பிறகு இவர் முகம் எப்படி இருந்தது? போன பிறகு. நாலாவது தடவை வா என்றாரே, அவர் பத்தாவது தடவை வந்து கத்தினால்?

கோபம், பதற்றம் பற்றி அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது? அந்தப் பக்கத்தை அப்படியே எழுதி அனுப்பு.

அம்மாவைக் கனவிலாவது ஓய்வெடுக்கச் சொல்.
அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். எனக்கு மட்டும் அடிக்கடி தலைவலி, பரீட்சைக்குப் படிப்பதால் இருக்கும். "மூக்காலயாடி படிக்கிற?" என்று அம்மா புத்தகத்தைப் பிடித்து இழுக்கிறாள். நேற்று ஏதோ யோசனையில் பதினேழாம் எண் பேருந்து என்று பதினொன்றில் ஏறி, மார்க்கெட் வரை போய்த் திரும்பி வந்தேன்.

நீ கேட்ட பக்கம் இது: "இருவரில் ஒருவர் எளிதில் எரிச்சலும் பதற்றமும் கொள்பவராயின், மற்றவரின் மனநிறைவு சிறிது சிறிதாகத் தேய்கிறது. முதலில் அது வெளியே தெரிவதில்லை." நீ கவலைப்படவே வேண்டாம் அக்கா. அவருக்குப் பதற்றம் பூஜ்யம் என்று அப்போதே போட்டுவிட்டேனே!

அந்தப் பெரியவர் மறுபடி வந்தார், மறுபடி கத்தினார். போன பிறகு இவர் முகத்தில் ஒன்றுமில்லை. டீ குடித்தார்.

நீங்கள் இருவரும் எப்படிப் பழக ஆரம்பித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "உங்க அக்கா கண்ணு காட்ட வந்தாங்க. இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவான்னு கேட்டா, 'ரெண்டும் ஒண்ணுதான் சார், சீக்கிரம், பஸ் போயிடும்'ங்கறாங்க. அவசரத்துல சொன்னத நம்பிப் பண்ணிக் கொடுத்தேன். நாலாம் நாள் வந்து அதைக் கவுன்டர்ல வீசினாங்க பாருங்க, தெருவே திரும்பிப் பாத்துச்சு" என்றார். சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று எழுத முடியவில்லை. மேசை இழுப்பறையைத் திறக்கக் குனிந்துவிட்டார். அந்தக் கண்ணாடி இன்னும் அங்கே இருக்கிறது.

உன் காய்ந்த துணிகளைக் காற்று தூக்கிப் போகாமல் இருக்கட்டும்.
தங்கை


ஜூன் 16

நோட்டுப் புத்தகமே,

தலைவலி என்று எழுதியிருந்தாய். நன்றாகத் தூங்கு. நான் நலம்தான்.

அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

மழைமானியைச் சரியாக மூடவில்லை என்று நேற்று உடன் வேலை பார்ப்பவரிடம் கத்திவிட்டேன். சாப்பாட்டு மேசையில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அது வேறு கதை.

உன் கண்ணாடிக்காரர் எனக்கும் கடிதம் போடுகிறார். மூன்று வரி. "நலம். இங்கே மழை. பார்த்துக்கொள்ளவும்." தந்தி அடிக்கிறவர்கூட இன்னும் இரண்டு வார்த்தை சேர்ப்பார்.

அவர் சிரித்தால் எழுது. வாய்விட்டுச் சிரித்தால். யாரோடு, எதற்கு என்று.

அம்மா முழங்காலுக்கு என் விசாரிப்பு.
அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்கா,

அம்மா நலம். உன் பசி தீர்ந்ததா என்று கேட்கிறாள்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்தேன். ஆனால் உறுதிமொழி உறுதிமொழிதான். நேற்று மாலை நாலே காலிலிருந்து நாலே முக்கால் வரை பெஞ்சிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

கடையில் ஒரு பெண். பச்சை உடை. உன்னைவிட உயரம். இடுப்பில் ஒரு கை வைத்து நின்றாள். அவர் அவள் முகத்தை இரண்டு கையாலும் தொட்டார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி தொட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். கதவு திறந்திருந்ததால் அந்தச் சிரிப்பு தெருவைத் தாண்டிக் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பிறகு அவள் இடுப்பில் கைகொடுத்து அப்படியே தூக்கி, சன்னலோரம் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் மறுக்கவில்லை. அவள் ஒரு வார்த்தையும் பேசியதாகத் தெரியவில்லை.

நான் உள்ளே போகவில்லை. பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

ஒருவேளை உறவுக்காரராக இருக்கலாம். ஆனால் அது நான் பார்த்ததல்ல, நினைப்பது. அதனால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

கோபப்படாதே அக்கா.
தங்கை


ஜூலை 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம்.

சரியாக எழுதியிருக்கிறாய். அவர் சிரிக்கிறார் என்பது நல்ல செய்திதான். பேசாத பெண்ணோடு இருப்பது அவருக்கும் ஓய்வாக இருக்கும். உன் வேலை முடிந்தது. இனி அங்கே போக வேண்டாம், யாரிடமும் எதுவும் கேட்கவும் வேண்டாம்.

படிப்பைப் பார்.
அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்கா,

உனக்கு உடம்பு சரியில்லையா? பதினைந்தாம் தேதிப் படகில் என் கடிதம் வந்தது, திரும்பிய படகில் உன்னுடையது இல்லை. அம்மா துறைமுகத் தபால் சன்னல் வரை போய், "நல்லாத் தேடிப் பாருங்க சார், குண்டு குண்டா எழுதுவா" என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள். இரவெல்லாம் முழங்கால் வலி.

நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. அவரே தையல் கூடத்துக்கு வந்து, தான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை, உனக்கு ஒன்றும் இல்லையே என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். "அக்காளும் தங்கச்சியும் என்னடி மூடி மறைக்கிறீங்க?" என்கிறாள் அம்மா. நான் கணக்கு நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

கணக்கென்றதும் நினைவுக்கு வருகிறது. கரும்பலகையில் இருந்த எட்டை மூன்று என்று எழுதிப் பரீட்சையில் தோற்றேன். கணக்கு டீச்சர் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, கண்ணைக் காட்டச் சொன்னார். கண்ணாடிக்காரர் கடைக்குப் போகக் கூடாது என்றால் எங்கே போவது?

நான் எழுதியது தப்பா அக்கா? உண்மையைத்தானே எழுதினேன்.

இரண்டு வரியாவது போடு.
தங்கை


ஆகஸ்ட் 2

நோட்டுப் புத்தகமே,

அழாதே. நீ செய்ததில் தப்பில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை.

ஒரு செய்தி. இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தாள்கள் பதினைந்தாம் தேதிப் படகில் வரும். கையெழுத்துப் போட்டு மறுநாள் காலை அதே படகில் அனுப்ப வேண்டும். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். அவருக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

கண் விஷயத்தைத் தள்ளிப்போடாதே. அவர் கடைக்கே போ. அந்த வேலையில் அவரைவிடக் கவனமான ஆள் கிடையாது. என்னைப் பற்றி மட்டும் பேசாதே.

அம்மாவுக்கு ஒத்தடம் கொடு.
அக்கா


ஆகஸ்ட் 15, துறைமுகம், மதியம் ஒன்றரை மணி

அக்கா, அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. கையெழுத்துப் போடாதே. முதலில் இதைப் படி.

போன வாரம் அவரிடம் கண் காட்டினேன். எழுத்துப் பலகையில் முதல் வரிக்குக் கீழே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "இதா, அதா? அவசரமே இல்ல" என்று ஒரு மணி நேரம் பார்த்தார். இன்று பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "வெளிய போய்த் தூரத்தப் பாருங்க, தல சுத்துதான்னு வந்து சொல்லுங்க" என்றார். பழக்கதோஷத்தில் பெஞ்சுக்குத்தான் போனேன். மரத்தில் இலைகள் தனித்தனியாக இருக்கின்றன அக்கா! பதினேழு என்பது பதினேழாகவே தெரிகிறது.

பிறகு கடையைப் பார்த்தேன். சன்னலில் பச்சை உடையில் அவள் நிற்கிறாள்.

அவள் அட்டை.

ஆள் உயர அட்டை! விளம்பர அட்டை! உள்ளே நின்று பார்த்தால் அவள் முதுகுதான் தெரியும், வெறும் பழுப்புப் பலகை. போன வாரம் அதன் பக்கத்தில்தான் என் பையை வைத்தேன்.

ஓடினேன். "அது அட்டை!" என்று கத்தினேன்.

"ஆமா, அட்டைதான். ஜூன் மாசம் கம்பெனிக்காரன் அனுப்புனான். ஏன், உயிரோட இருக்குன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

அவர் சிரிக்கத் தொடங்கினார், நான் அழத் தொடங்கினேன். நோட்டு, மதிப்பெண், பச்சை உடைப் பெண் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றிப் பேசாதே என்றாய், அதையும் மீறிவிட்டேன். அவர் என்னை அந்த அட்டை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "அது போட்டிருக்கற கண்ணாடி யாரோடதுன்னு பாருங்க."

உன்னுடையது. நீ கவுன்டரில் வீசியது.

"கம்பெனி கொடுத்த கண்ணாடியோட சும்மா பொம்மையாத்தான் நின்னுச்சு. இத மாட்டினேன். இடுப்புல கைய வெச்சு, 'என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க'ன்னு அப்படியே உங்க அக்கா! சிரிக்காம என்ன பண்றது?"

அப்போதுதான் இரண்டு வருஷத் தாளைப் பற்றிச் சொன்னேன். ஒரு லென்ஸைத் துடைக்க மூன்று நிமிஷம் எடுக்கிறவர், அடுத்த மூன்று நிமிஷத்தில் கடையைச் சாத்திவிட்டார். சோதனை நாற்காலியில் இருந்த மனிதரை "அடுத்த வாரம் வாங்க" என்று எழுப்பி விட்டதில், அவர் சோதனைப் பிரேமை முகத்தில் மாட்டியபடியே தெருவில் போய்விட்டார். ஒழுங்கை ஒன்பதிலிருந்து நாலாகக் குறைத்துவிட்டேன்.

டிக்கெட் வரிசையில் அவர் நிற்கும்போது, நோட்டுக்குள் வைத்திருந்த உன் கடிதங்களை வரிசையாகப் படித்தேன். அவர் நல்லவரா என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எத்தனை தடவை தாங்குவார் என்றே கேட்டிருக்கிறாய். நீ கேட்டது உன் குணத்தைப் பற்றி. நான் அவருக்குப் பூஜ்யம் போட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் நானே அவரிடம் கேட்டேன், அக்காவின் கோபம் உங்களைத் தேய்க்கவில்லையா என்று. அவர் சொன்னது, ஒரு எழுத்தும் மாற்றாமல்: "கோபம் வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குக் காது செவந்துடும். தெரிஞ்சே வர்ற மழைதானே? எனக்குத்தான் பேச வராது. மூணு வரிக்கு மேல எழுதவும் வராது. அவங்க இருந்தா ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசிடுவாங்க. இந்த மூணு மாசம் கடையில சத்தமே இல்ல, இன்ஸ்பெக்டரம்மா. என்னால வேலையே பாக்க முடியல."

சங்கு ஊதிவிட்டது. இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.
தங்கை


ஆகஸ்ட் 16

என் கண்ணாடி போட்ட நோட்டுப் புத்தகமே,

நலம், நலம், நலம். கையெழுத்துப் போடாத தாள்கள் இன்றைய படகில் திரும்புகின்றன. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்.

உன் ஆள் வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறார். இறங்கியதும் மணலில் உட்கார்ந்து, "கொஞ்சம் இருங்க, தீவு நிக்கட்டும்" என்றார். நான் உன் கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு, நியாயமாக மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கத்தினேன். "மூணு வரி எழுதறவரு, நேர்ல வந்து என்ன கிழிக்கப் போறீங்க? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா?" நிலையமே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, என் காதைப் பார்த்து, "செவப்பு போயிடுச்சு. இப்ப நான் பேசலாமா?" என்றார். பேசினார். நான்கு நிமிஷம். என்ன பேசினார் என்ற இடத்தை உனக்குக் காலியாக விடுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எவ்வளவு தூரம் தெரிகிறது என்று எழுதுகிறவள் நான். நாற்பது தப்படியிலிருந்து பார்க்கிறாயே, உனக்கு எத்தனை தப்படி தெரியும் என்று கேட்கவில்லை. தலைவலி என்றாய், பேருந்து மாறி ஏறினேன் என்றாய். எதையும் நான் படிக்கவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் படித்தேன்.

நீ கண்டுபிடித்தது சரி. நான் கத்திய பிறகு ஆட்கள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்வதைப் பார்த்துப் பழகிவிட்டேன். இவரும் ஒருநாள் நகர்வார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். உன் ஜூன் கடிதம் வந்தபோது, சரி, நகர்ந்துவிட்டார் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அது என்ன நிம்மதியோ!

எழுத்துப் பலகை விளக்கைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதினாய். மாலை வேலை முடிந்து வரும்போது அந்தக் கடைப்படியில் ஒருமுறை தடுக்கி விழுந்து, அதற்கும் அவரைத் திட்டினேன். அன்றிலிருந்து எரிகிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பாமல் இருந்தேன்.

செப்டம்பர் இரண்டாம் தேதிப் படகில் வருகிறேன். அம்மா முழங்காலுக்கு ஒரு முத்தம்.
அக்கா


ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்கா,

அம்மா நலம், செய்தி கேட்டதிலிருந்து மாடிப்படியைக்கூடச் சீக்கிரம் ஏறுகிறாள். "ஒருத்தி பேச, ஒருத்தன் கேக்க. வீடு நடந்துரும் போ" என்று சொல்லிக்கொண்டே தைக்கிறாள். எனக்குத் தலைவலி போயே போய்விட்டது.

தடிப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். மதிப்பெண் பக்கத்தைக் கிழிக்கவில்லை, ஆனால் கலகலப்பு 2 என்பதை அடித்துவிட்டேன். நீ இல்லாத கடையில் பார்த்துப் போட்ட மதிப்பெண் அது. நீ வந்த பிறகு பார்த்துப் போடுவதற்காக அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

கடைசி அறிக்கை. இடம்: அதே பெஞ்சு. நேரம்: மாலை ஆறே கால். தூரம்: நாற்பது தப்படி. பார்வை: தெளிவு, அவர் சட்டைப் பித்தான் வரை.

சோதனைப் பிரேமோடு போன மனிதர் இன்றுதான் திருப்பிக் கொண்டுவந்தார். "ரெண்டு வாரமா இதப் போட்டுத்தான் பேப்பர் படிச்சேன், நல்லாத்தான் இருக்கு" என்று அதையே விலைக்குக் கேட்டார். இவர் சிரித்தார். வாய்விட்டு. பிறகு அட்டைப் பெண்ணிடமிருந்து உன் பழைய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார். கூடவே வாந்திக்கு மாத்திரையும். நாளைப் படகில் உன்னை அழைத்துவர அவரே வருகிறார். இந்தக் கடிதமும் அதே பையில்தான் வருகிறது.

சாத்தும் நேரத்தில் நான் உள்ளே போனேன். ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தவர், எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதுவுமா?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் படியில தடுக்கி விழறதுக்கு இங்க யாரு வரப்போறா, இன்ஸ்பெக்டரம்மா? அவங்க அங்க. நானும் அங்க."

மாலை ஆறு முப்பத்திரண்டு. கடையில் எல்லா விளக்குகளும் அணைக்கப்பட்டன.